ஒலுவில் துறைமுகமும் ஒரு வீட்டு உறுதியும்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பிரதான வீதியில் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. ஓர் ஊர் எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குச் சொல்லிக் கொடுப்பது கஷ்டம். பள்ளிவாசல் மினாராவையும் கோயில் கோபுரத்தையும் பார்த்துத்தான் கணக்குப் பண்ண வேண்டும். நிந்தவூர் கழிந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விடுகிற வெளி. வயல், தென்னை, களியோடைப் பாலம். பாலத்தைத் தாண்டினால் ஒலுவில்.

இந்த ஊரை இரண்டு விஷயங்கள் வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தின. ஒன்று, தென்கிழக்குப் பல்கலைக்கழகம். 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறு ஆண்டே பல்கலைக்கழகமானது. இன்றைக்கு எத்தனையோ குடும்பங்களின் பெண் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வந்து பட்டம் பெறுகிறார்கள் என்றால் அதற்கு இந்த இடம் காரணம். மற்றது துறைமுகம். இரண்டுக்கும் பின்னால் நிற்கும் பெயர் ஒன்றே: மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப். 1994 முதல் துறைமுகங்கள் அமைச்சராக இருந்தவர், 2000 செப்டம்பர் 16 இல் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்தார். அவர் கண்ட துறைமுகம் அவர் போன பிறகுதான் எழும்பியது. டென்மார்க் நாட்டுக் கடனில், டென்மார்க் கம்பனியொன்று 2008 இல் வேலையைத் தொடங்கி, 2013 செப்டம்பரில் திறப்பு விழா நடந்தது. சரக்குக் கப்பலுக்கு ஒரு பக்கம், மீன்பிடிப் படகுக்கு ஒரு பக்கம் என்று இரண்டு பகுதிகள். கப்பல்கள் வரிசை கட்டி நிற்கும் துறையாக அது ஆகவில்லை. படகுகள் வந்தன. படகுகளின் கதைதான் இங்கே சொல்ல வந்தது.

துறைமுகத்தைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பியபோது வாகனம் ஓட்டியவர் கத்தாரிலிருந்து விடுமுறையில் வந்திருந்த உறவுக்காரத் தம்பி. வழி நெடுக அவருடைய பேச்சு ஒரே பேச்சு. நாட்டுக்குத் திரும்பி வந்தால் என்ன வாகனம் எடுப்பது? வாகன இறக்குமதியை 2020 மார்ச்சில் நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்ததிலிருந்து வெளிநாட்டில் உழைக்கும் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் இதே யோசனைதான். ஜீப்பா, டபுள் கெப்பா? பெற்றோலா, டீசலா? ஹைலக்ஸ் என்ற ஒரே பெயரிலேயே வளைகுடாவில் 2.7 லீற்றர், 4 லீற்றர் பெற்றோல் எஞ்சின்கள்; வேறு நாடுகளில் 2.4, 2.8 டீசல் எஞ்சின்கள். இரண்டு சில்லு இழுவையா, நான்கு சில்லு இழுவையா என்பது அடுத்த கேள்வி. பிறகு தோல் இருக்கை, பெரிய சில்லு, பின்னால் பார்க்கும் கெமரா என்று படிப்படியாக விலை ஏறும் வகைகள். நம் நாட்டில் எஞ்சினின் கொள்ளளவை வைத்துத்தான் உற்பத்தி வரி போடுகிறார்கள் என்பதால் எஞ்சின் ஒரு படி பெருத்தால் வரி பல படி பெருக்கும்.

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் மனதில் தங்கியது. பாலைவன மணலில் பெரிய எஞ்சின்காரர்தான் முதலில் புதைவாராம். சக்தி கூடக் கூடச் சில்லு சுழன்று மணலைத் தோண்டிக்கொண்டு கீழே போகும். அனுபவப்பட்டவர்கள் முதலில் டயரில் காற்றைக் குறைப்பார்கள், பிறகு தாழ்ந்த கியரைப் போடுவார்கள், அதற்குப் பிறகுதான் எஞ்சினின் பேச்சு. "எந்த நிலத்துல ஓடப் போறோம் எண்டு தெரியாம எஞ்சின் வாங்கக் கூடாது ராத்தா" என்றார். துறைமுகத்தில் போய் நின்றபோது இந்தப் பேச்சு எனக்கு வேறு விதமாகக் கேட்டது.

பெரிய கருங்கற்களை அடுக்கிக் கடலுக்குள் நீட்டிய அலைதடுப்புகள். அவற்றின் நடுவே படகு நுழையும் வாய். அசர் நேரக் காற்று கச்சான் சூட்டோடு கரையிலிருந்து கடலை நோக்கி அடித்தது. தென் பக்கம், பாலமுனைத் திசையில், கரை அகன்று மணல் மேடு போட்டுக் கிடக்கிறது. வட பக்கம் நேர்மாறு. தென்னைகள் வேரோடு சாய்ந்து, முன்பு காணியாக இருந்த இடத்தில் அலை அடிக்கிறது. கடல் மேலும் உள்ளே வராமல் கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். நிந்தவூர்க் கரை வரை இந்த அரிப்பின் முறைப்பாடு உண்டு.

இது ஏன் இப்படி என்று படித்தவர்கள் சொல்லும் விளக்கம் எளிது. இந்தக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. அலை சாய்வாக வந்து அடிப்பதால் ஆண்டு முழுவதும் கணக்குப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே ஊர்ந்துகொண்டே இருக்கிறது. குறுக்கே கல்லைப் போட்டால் ஊர்ந்து வந்த மணல் தென் பக்கம் தேங்குகிறது. வடக்கே போக வேண்டிய மணல் போகாததால் அங்கே கடல் கரையைத் தின்கிறது. தேங்கிய மணல் நிரம்பி வழிந்து அலைதடுப்பின் முனையைச் சுற்றி வந்து துறைமுகத்தின் வாயில் படிகிறது. தோண்டுவார்கள், மறுபடி மூடும். மணலை அள்ளி வாயைத் திறவுங்கள் என்று படகுக்காரர்கள் ஒரு பக்கம். அள்ளுகிற மணலை எங்கள் அரித்த கரையில் போடுங்கள், எங்களுக்கு ஒரு வழி செய்யாமல் எதையும் செய்யாதீர்கள் என்று காணி இழந்தவர்கள் மறுபக்கம். இரண்டு பக்கமும் நம் சனங்கள். இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது. காணியை இழந்தவரிடம் போய் படகுக்காரர்களின் கஷ்டத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாசகச் சகோதரிகளுக்கு இந்த வாயின் கதை ஏன் என்று தோன்றலாம். துறைமுகத்திலிருந்து திரும்பும் வழியில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தின் வீட்டில் தேநீர் குடிக்க இறங்கினோம். அங்கே ஒரு வாரமாக நடக்கும் பேச்சும் எஞ்சின் பேச்சுத்தான். வீட்டுக்காரரும் அவருடைய தம்பியும் சேர்ந்து, இருக்கிற சிறிய பைபர் படகை விற்றுவிட்டு உள்ளே எஞ்சின் வைத்த பெரிய படகு எடுக்கலாம் என்று நிற்கிறார்கள். பணத்துக்கு வீட்டு உறுதியை ஈடு வைக்க வேண்டும். உறுதி யார் பெயரில்? நம் கிழக்கு மாகாண வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததே. கலியாணத்தின்போது வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே உறுதி அந்த ராத்தாவின் பெயரில். அவருக்கு வளர்ந்த மகள் ஒருத்தி இருக்கிறாள். நாளைக்கு அவளுக்கும் ஒரு வீடு வேண்டும்.

இந்த இடத்தில் எஞ்சின்களைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்லியாக வேண்டும். ஆண்கள் நம்மிடம் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும், "உங்களுக்கு விளங்காது புள்ள" என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள். விளங்காத ஒன்றும் அதில் இல்லை.

நம் கரையில் அதிகம் காணும் படகு 18 முதல் 23 அடி வரை நீளமுள்ள பைபர் படகு. இதற்கு எஞ்சின் பின்பலகையில் வெளியே தொங்கும். வெளியிணைப்பு இயந்திரம் என்று அரசாங்கப் பத்திரங்களில் எழுதுவார்கள். யமஹா, சுசுகி என்ற பெயர்களை எல்லோரும் அறிவோம். 8, 15, 25, 40 குதிரைவலு என்று அளவுகள் உண்டு. இதன் பெரிய வசதி, கரைக்கு வரும்போது எஞ்சினை அப்படியே மேலே தூக்கிச் சாய்த்துவிடலாம். விசிறி மணலில் இடிக்காது. அலை முறியும் இடத்தில் சரியான நேரம் பார்த்து ஒரே முறுக்கில் வேகமெடுத்துக் கரையேறிவிடலாம். அதாவது இது மணலுக்கும் அலைக்கும் ஏற்ற ஜீப். துறைமுகம் இல்லாத ஊரிலும் பிழைத்துக்கொள்ளும்.

குறையும் அதிலேயே இருக்கிறது. பெரும்பாலும் இவை இரண்டு வீச்சு எஞ்சின்கள். முழு வேகத்தில் ஒரு குதிரைவலுவுக்கு ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய அரை லீற்றர் எரிபொருள் குடிக்கும். மண்ணெண்ணெயில் ஓடினால் அதைவிடக் கொஞ்சம் கூட. 25 குதிரைவலு எஞ்சினை இரண்டு மணி நேரம் முழு முறுக்கில் ஓட்டினால் 25 லீற்றர் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயும் கலக்க வேண்டும். மண்ணெண்ணெய் எஞ்சின் பெற்றோலில் கிளம்பி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்ற மறந்தால் அடுத்த நாள் கிளம்ப மறுக்கும். பிளக்கில் கரி படியும். அலை முறியும் இடத்தில் எஞ்சின் நின்றால் என்ன நடக்கும் என்பதை மீனவர் வீட்டுப் பெண்களுக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

உள்ளே வைக்கும் டீசல் எஞ்சின் இதற்கு நேர்மாறு. ஒரு குதிரைவலுவுக்கு மணிக்குக் கால் லீற்றர் அளவே குடிக்கும். மேலே சொன்ன அதே 25 குதிரைவலு, அதே இரண்டு மணி நேரம், பன்னிரண்டு பதின்மூன்று லீற்றரில் முடியும். பிளக் இல்லாததால் ஈரத்துக்குப் பயப்படத் தேவையில்லை. டீசலின் ஆவி பெற்றோல் போல் சட்டென்று தீப்பிடிக்காது. பெரிய விசிறி மெதுவாகச் சுழல்வதால் வலையை இழுக்கவும் பாரம் இழுக்கவும் வலு கூட. நம் நாட்டில் 1950களின் கடைசியில் மூன்றரைத் தொன் படகுகள் வந்த காலத்திலிருந்தே கடலோடிகள் இதன் அருமையை அறிவார்கள். ஆனால் எஞ்சின் படகுக்குள்ளே அசையாமல் கிடக்கும். விசிறியின் தண்டு படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும். ஓர் ஆள் இடுப்பளவு தண்ணீராவது இல்லாத இடத்தில் அது வர முடியாது. கரையில் இழுத்து ஏற்றவும் முடியாது. இது தார் ரோட்டுக் கார். துறைமுகம் என்ற ரோட்டு இருந்தால்தான் ஓடும்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறதா என்று யோசித்தவர்களும் உண்டு. 1980களில் ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனத்தோடு சேர்ந்த வங்காள விரிகுடாத் திட்டத்தினர், இந்தியாவின் கிழக்குக் கரைக்காகக் கரையேறும் படகொன்றை உருவாக்கினார்கள். அதில் டீசல் எஞ்சினைத் தண்ணீர் புகாத ஒரு பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டியே அச்சில் ஆடும்படி அமைத்தார்கள். கரை வரும்போது பெட்டியைச் சாய்த்தால் தண்டும் விசிறியும் மேலே வந்துவிடும். தமிழ்நாட்டுப் பைபர் படகுகளில் நீளத் தண்டு வைத்த சிறிய டீசல் எஞ்சினைத் தூக்கித் தூக்கி ஓட்டுகிறார்களே, அதுவும் இதே யோசனையின் இன்னொரு வடிவம். சத்தம் காதைக் கிழிக்கும், வேகம் கிடையாது. ஆனால் எரிபொருள் மிச்சம். அங்கேயே இராமேஸ்வரம் பக்கம் போனால் அசோக் லேலண்ட் எஞ்சின் வைத்த விசைப்படகுகள். அங்கே படகுத்துறை இருக்கிறது, ஆகவே அது பொருந்துகிறது. ஒரே சமுத்திரம், ஒரே மீன். இறங்குமிடம் வேறு, எஞ்சினும் வேறு.

நம் பக்கம் இந்தத் தேர்வைச் சுனாமி ஒரு முறை நமக்காகச் செய்துவிட்டுப் போனது. 2004 டிசம்பர் 26 இல் இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். பத்தாயிரத்துக்கும் மேல். படகும் எஞ்சினும் போனவர்களுக்கு உதவ வந்த நிறுவனங்கள் சிறிய பைபர் படகுகளை அள்ளிக் கொடுத்தன. கொடுப்பதும் படம் பிடிப்பதும் சுலபம் என்பதாலோ என்னவோ, நாட்டின் பல கரைகளில் சிறிய படகு தேவைக்கு மிஞ்சியது, பெரிய படகு போதாமல் போனது. எல்லோரும் ஒரே கிட்டக் கடலில் வலை போட்டால் ஆளுக்கு எவ்வளவு மீன் கிடைக்கும்? ஆகவே ஒலுவிலில் துறைமுகம் திறந்தபோது, இனி ஆழ்கடலுக்குப் போகலாம், பெரிய படகு வாங்கலாம் என்று மக்கள் ஆசைப்பட்டதைத் தவறு என்று யாரும் சொல்ல முடியாது. அதற்கு முன்பு பெரிய படகு வைத்திருந்தவர் அதைத் திறந்த கடலில் நங்கூரமிட்டுவிட்டு, வாடைக்காலத்தில் இரவெல்லாம் தூக்கமில்லாமல் கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் வாழைச்சேனைக்கோ திருகோணமலைக்கோ கொண்டு போக வேண்டும். அப்படிப் போனால் மனிதரும் அங்கே, குடும்பம் இங்கே.

அதற்குப் பிறகு எரிபொருள் விலை வந்து எல்லாக் கணக்கையும் கலைத்தது. 2021 டிசம்பரில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபா, டீசல் 121 ரூபா. டீசலைவிட மலிவு என்பதால்தான் சிறு படகுக்காரர்கள் மண்ணெண்ணெய் எஞ்சினில் நின்றார்கள். 2022 ஜூன் கடைசியில் டீசல் 460 ரூபாவானது. ஓகஸ்ட் 21 நள்ளிரவோடு மண்ணெண்ணெய் 87 இலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்குத் தாவியது. அடுப்புக்கும் அதையே வாங்கிய வீடுகளில் அந்த மாதம் எப்படிக் கழிந்தது என்பதை நாம் மறக்கவில்லை. படகுகளில் அதன் அடி இன்னொரு விதமாக விழுந்தது. பிடித்த மீனை விற்றதும் முதலில் எரிபொருள், ஐஸ், இரை, சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு, மிச்சத்தில்தான் படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிப்பார்கள். ஆகவே எஞ்சின் குடிக்கிற ஒவ்வொரு லீற்றரும் படகுச் சொந்தக்காரர் வீட்டிலிருந்து மட்டுமல்ல, கூலிக்குப் போன மனிதரின் வீட்டிலிருந்தும் போகிறது. எஞ்சினைத் தேர்ந்தெடுத்தபோது அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பெரிய குதிரைவலு மோகம் ஒன்று இருக்கிறது. இதைப் பற்றி நான் கடுமையாகவே சொல்வேன். பக்கத்துப் படகில் 25 என்றால் நமக்கு 40 வேண்டும். முதலில் கரைக்கு வந்தவருக்கு மாளிகைக்காட்டில் நல்ல விலை கிடைக்கும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் எல்லோரும் 40 வாங்கிய பிறகு முதலில் வருவது யார்? செலவு மட்டும் எல்லோருக்கும் கூடியிருக்கும். கனத்த பெரிய படகுகளில் இன்னும் மோசம். தண்ணீரைக் கிழித்துப் போகும் படகுக்கு அதன் நீளத்தைப் பொறுத்து ஒரு வேக எல்லை உண்டு. 28 அடி நீளம் என்றால் மணிக்கு 7 கடல் மைல் அளவு. அதற்கு மேல் எத்தனை குதிரைகளைப் பூட்டினாலும் முன்னால் அலை மேடு உயருமே தவிர, படகு வேகமாகப் போகாது. எரிபொருள் மட்டும் கொட்டும். முறுக்கைக் கொஞ்சம் தளர்த்தினால் வீடு வந்து சேரச் சற்றுத் தாமதமாகும். டீசலில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சலாம்.

ஜீப்புக்குத் தோல் இருக்கை போலப் படகுக்கும் அலங்காரங்கள் உண்டு. திசை காட்டும் ஜீ.பி.எஸ்., மீன் கூட்டத்தைக் காட்டும் கருவி, வலை இழுக்கும் உருளை, தூரத்துக்குப் பேசும் வானொலி, ஐஸ் உருகாமல் காக்கும் அறை. 2015 இல் ஐரோப்பா நம் மீனைத் தடை செய்து அடுத்த ஆண்டு தடையை எடுத்த காலத்திலிருந்து, ஆழ்கடல் போகும் பலநாட் படகுகளில் இருக்குமிடத்தை அறிவிக்கும் கருவியும் கட்டாயமாக்கப்பட்டது. இவற்றில் எதை முதலில் வாங்குவது? ஆண்களைக் கேட்டால் மீன் காட்டும் கருவி என்பார்கள். நான் சொல்வேன், முதலில் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, இரண்டாவது வானொலி, மூன்றாவது ஐஸ் அறை. பழுதாகாத பத்து மீன், பழுதான இருபதைவிடக் காசு. உயிர்காப்பு அங்கியை அவர்கள் வாங்கினாலும் போட மாட்டார்கள் என்பது வேறு விஷயம். அதை வீட்டில்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

அந்த வீட்டுக்குத் திரும்புவோம். தம்பிக்காரர் ஒரு கொப்பியில் கணக்கெழுதி வைத்திருந்தார். டீசல் மிச்சம் இவ்வளவு, ஒரு பயணத்துக்கு மீன் இவ்வளவு, இத்தனை வருஷத்தில் கடன் முடியும். கணக்கில் பிழை எதுவும் தெரியவில்லை. டீசல் எஞ்சினைப் பற்றி அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. ராத்தா தேயிலைச் சாயம் வடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு கேட்டார்:

"எல்லாம் சரிதான். வாய் மூடினா படகு எங்க நிக்கும்? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, உறுதிய எடுத்துத் தாறன்."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒரு கிழமையா இதத்தான் கேக்கிறா" என்றார். கோபமில்லை. ஆனால் பதிலும் இல்லை. தம்பிதான், "தோண்டுவாங்க மதினி, தோண்டாம உடுவாங்களா?" என்றார். தோண்டுவார்கள்தான். எப்போது என்பதுதான் கொப்பியில் எழுத முடியாத கணக்கு. படகு வாய்க்கு உள்ளே மாட்டினால் தொழில் இல்லை. வெளியே மாட்டினால் வாடைக்காற்றில் திறந்த கடலில் நிற்க வேண்டும். இரண்டிலும் தவணைப் பணம் மட்டும் மாதம் தவறாமல் கதவைத் தட்டும்.

தவணை என்றதும் வட்டிப் பேச்சு வந்தது. நகையை அடகு வைத்தாலும் வட்டி, உறுதியை வைத்தாலும் வட்டி என்று அந்த ராத்தாவுக்கு உள்ளே ஓர் உறுத்தல். வங்கியே பொருளை வாங்கி, இலாபம் வைத்து நமக்குத் தவணையில் விற்கும் முராபஹா முறை இருக்கிறது. பங்காளியாகச் சேரும் முஷாரகா முறையும் இருக்கிறது. இலங்கையில் 2011 முதல் இதற்கென்றே வங்கி நடக்கிறது. வட்டியின் பாவத்திலிருந்து இது காப்பாற்றும் என்று நம்பலாம். ஆனால் சகோதரிகளே, ஈடு ஈடுதான். ஹலாலான தவணையும் கட்டாவிட்டால் வீட்டைத்தான் கேட்கும். ஆகவே பத்திரத்தில் ஒப்பமிடுவதற்கு முன்னால், பிணையாக எழுதப்படுவது என்ன என்ற வரியை நீங்களே வாசியுங்கள். மஹரும் வீடும் மனைவியின் சொத்து. அதைக் கொடுக்கவும் கொடுக்காமல் இருக்கவும் மார்க்கம் அவளுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. கணவரின் தொழிலுக்கு மனமுவந்து கொடுத்தால் அது பெரிய நன்மை. விளங்காமல் கொடுத்துவிட்டுப் பிறகு கண்ணீர் விடுவதில் யாருக்கும் நன்மையில்லை.

இரண்டு பேரும் இஸ்திகாரா தொழுது முடிவெடுப்பதாகச் சொன்னார்கள். பின்பு விசாரித்ததில் அவர்கள் எடுத்த முடிவு இது: பைபர் படகை விற்பதில்லை. பழைய மண்ணெண்ணெய் எஞ்சினை மாற்றி, சிறிய நான்கு வீச்சுப் பெற்றோல் எஞ்சின் ஒன்று. அது இரண்டு வீச்சைப் போல் குடிக்காது, எண்ணெய் கலக்கவும் வேண்டாம். விலை கூடத்தான். அதற்கு ராத்தாவின் கைவளையல் ஒரு சோடி போகிறது, அடகாக அல்ல, விற்பனையாக. 40 வேண்டும் என்று நின்றவரை 15 க்கு இறக்கியதும் அவர்தானாம். தம்பிக்காரர் வாழைச்சேனையிலிருந்து போகும் ஒரு பலநாட் படகில் பங்குக்குச் சேர்ந்து, இரண்டு வருஷம் ஆழ்கடலைப் படித்துவிட்டு வருகிறாராம். அதற்குள் ஒலுவிலின் வாய் எப்படியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

வாகனம் ஓட்டிய தம்பி கத்தாருக்குத் திரும்பிவிட்டார். டபுள் கெப் எடுக்கும் யோசனையை விடவில்லை. எடுத்தால் நான்கு சில்லு இழுவை வேண்டாம், வயல் வட்டைக்குப் போக உழவு மெஷின் இருக்கிறதே என்று அவருடைய மனைவி சொல்வதாகக் கேள்வி. அந்த மீன்பிடி வீட்டின் உறுதி அலுமாரியில் பழைய இடத்திலேயே இருக்கிறது. பழைய எஞ்சினை உதிரிப் பாகத்துக்காக வாங்க பாலமுனையிலிருந்து ஒருவர் வந்து, முற்றத்தில் குந்தியிருந்து பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தாராம்.